பகவதி கேட்கும் கம்பன்

வலியசாலை

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கம்போளத்துக்குள் நுழைந்து, வெங்காய மூட்டைகளையும் வெற்றிலைக் கட்டுகளையும் தாண்டி, ஆரியசாலை கடந்து நடந்தால் வலியசாலை வரும். திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருவான அந்தக் கடைத்தெருவை ஆ. மாதவன் தன் கதைகளில் தமிழுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அங்கேயே கடை வைத்துப் பிழைத்தவர் அவர். தெருவில் இன்றும் காதில் விழுவது பாதி தமிழ், பாதி மலையாளம். ஒரே ஆள் விலையைத் தமிழில் சொல்லிவிட்டுச் சில்லறையை மலையாளத்தில் எண்ணித் தருகிறார்.

வலியசாலை அக்ரகாரத்தின் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. வாசல் குறுகல், உள்ளே நீளம். திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை, கொல்லை என்று எல்லாம் ஒரே நேர்கோட்டில் போகும். நான் போய்ச் சேர்ந்தது விளக்கு வைக்கிற நேரம். தெருவிளக்கு இன்னும் எரியவில்லை. திறந்திருந்த வாசல்கள் வழியே பார்த்தால் வீட்டின் கடைசிக் கட்டில் மட்டும் வெளிச்சம் இருந்தது. அதற்கு முன்னால் நடமாடியவர்கள் எல்லாரும் கறுப்பு வடிவங்கள். முகம் தெரியவில்லை, ஆனால் நடையை வைத்துப் பாட்டி யார், பேத்தி யார் என்று சொல்லிவிட முடிந்தது. பின்னாலிருந்து வரும் ஒளி முகத்தை எடுத்துக்கொண்டு உருவத்தைக் கொடுக்கும். நான் புறப்பட்டிருந்ததும் அப்படிப்பட்ட ஒளியைத் தேடித்தான். பாலக்காட்டுப் பக்கத்துப் பகவதி கோயில்களில் இரவு முழுக்க நடக்கும் தோல்பாவைக்கூத்தைப் பார்க்க.

எனக்கு ஊர் நாகர்கோவில். 1956 நவம்பர் வரை அதுவும் இந்தத் திருவிதாங்கூர் மண்தான். நவராத்திரிக்கு எங்கள் வேளிமலைக் குமாரசுவாமி இன்றும் ஊர்வலமாகப் புறப்பட்டு வந்து ஆரியசாலைக் கோயிலில்தான் தங்குகிறார். வலியசாலை மகாதேவர் கோயிலைப் பழைய காந்தளூர்ச் சாலையோடு சேர்த்துச் சொல்பவர்கள் பலர். இடம் அதுவல்ல என்று வாதிடுவோரும் உண்டு. ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் முதல் வெற்றியாகப் பெயர் பெற்றது காந்தளூர்ச் சாலை. எங்கள் பக்கத்துப் பார்த்திபசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-ல் ஒரு கல்விச்சாலை அமைத்தபோது காந்தளூரின் நடைமுறையைத்தான் முன்மாதிரியாகக் கொண்டான் என்று அவன் செப்பேடு சொல்கிறது. படிப்பும் பாட்டும் இந்த நிலத்தில் மொழி எல்லை பார்த்து நடந்ததில்லை.

தெரிந்தவர் வழியாக ஒரு வீட்டில் இலை போட்டார்கள். போளியும், அதன்மேல் ஊற்றிக்கொள்ளப் பால்பாயசமும். திருவனந்தபுரத்தில் போளியைப் பாயசத்தில் பிசைந்துதான் சாப்பிட வேண்டும். எங்கள் ஊர்ப் பந்தியிலும் பார்க்கலாம், ஆனால் இந்தப் பதம் இங்கேதான். கூத்துப் பார்க்கப் போகிறேன் என்றதும் அந்த வீட்டு மாமி கரண்டியோடு நின்றுவிட்டார்.

"எங்கம்மா ஒத்தப்பாலத்துப் பக்கம். ராத்திரி பூரா கோயில்லேருந்து பறைச் சத்தம் கேக்கும்னு சொல்லுவா. ஆனா அக்ரகாரத்துலேருந்து ஒருத்தரும் போக மாட்டாளாம். ராமாயணம்தான் பாடறான்னு அம்மாவுக்குத் தெரியும், அதுவும் கம்பராமாயணம்னு நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியறது."

"போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன் மாமி."

"சொல்லணும். அங்கே பட்டர் பாவை ஒண்ணு வருமாமே, அதை மறக்காம பாருங்கோ."

தமிழ்ப் பிராமணர்களைக் கேரளத்தில் பட்டர் என்பார்கள். பார்க்க வராதவரையே திரையில் ஒரு பாவையாக நிறுத்தி வைத்திருக்கும் கலை என்பது எனக்கு ஆவலைக் கூட்டியது.

கூனத்தறை

ஷொர்ணூரில் இறங்கி ஒத்தப்பாலம் சாலையில் போனால் கூனத்தறை. மீன மாத வெயிலில் பாரதப்புழையின் பெரும்பகுதி மணல். நீர் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் கோடையிலும் கண்ணுக்குப் பச்சை விலகாது. இங்கே அறுத்த வயல்கள் வெளுத்துக் கிடந்தன, வரப்பில் கரிம்பனைகள் நின்றன. கேரளத்துக்குள் இருந்துகொண்டே கொங்கு நாட்டை நினைக்க வைக்கிற நிலம் இது. பாலக்காட்டுக் கணவாய் அருகில்தான். மழைக்காற்று போன வழியே வணிகரும் நெசவாளரும் வந்தார்கள், அவர்களோடு கம்பனும் வந்தான்.

கூனத்தறையின் பெயரை உலகறியச் செய்தவர் கிருஷ்ணன்குட்டிப் புலவர் (1925–2000). கோயில் மாடத்தை விட்டு வெளியேறாமல் இருந்த கூத்தைப் பொது மேடைக்குக் கொண்டுவந்தவர். அவர் மகன் கே. கே. ராமச்சந்திரப் புலவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பேத்தி ரஜிதா பெண்கள் மட்டுமே ஆடும் குழு ஒன்றை உருவாக்கியிருக்கிறார். பெண்கள் கூத்துமாடத்துக்குள் பாவை ஏந்தாத மரபில் அது பெரிய அடி. இந்தக் கலையில் தேர்ந்தவரைப் புலவர் என்றுதான் அழைக்கிறார்கள். ஆட்டக்காரர் என்றில்லை, பாட்டுக்காரர் என்றுமில்லை. ஆயிரக்கணக்கான பாடல்கள் மனத்தில் இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் பொருள் விரிக்கத் தெரிய வேண்டும். தமிழ்நாட்டில் இந்தச் சொல்லை நாம் பட்டிமன்ற மேடைக்குக் கொடுத்துவிட்டோம். இங்கே அது விடிய விடிய உழைக்கிற ஒருவரின் தொழிற்பெயர்.

ஒரு திண்ணையில் இளைஞர் ஒருவர் உளியும் கொட்டாப்புளியுமாக உட்கார்ந்து தோலில் துளையிட்டுக்கொண்டிருந்தார். முன்காலத்தில் பாவைக்கு மான் தோல். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் ஆடும் எருமையும்தான். தோலை விரித்துக் காயவைத்து, ரோமத்தைச் சுரண்டி, உருவம் வரைந்து வெட்டி, பிறகு துளையிடுவது. துளைதான் முக்கியம். பிறை வடிவில் ஒரு உளி, நெல் வடிவில் ஒன்று, வட்டத்துக்கு ஒன்று.

அவர் ஒரு ராமர் பாவையை என் கையில் கொடுத்தார். பகல் வெளிச்சத்தில் அது கனமான, கறுத்த தோல் துண்டு. வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். கிரீடத்தில் மணி, மார்பில் ஆரம், இடையில் மடிப்பு மடிப்பாகப் பட்டு, கண்ணுக்குள் கண்மணி, எல்லாம் துளை வழியே ஒளியாகத் திறந்தன. தோல் இருட்டைத் தருகிறது, உளி எடுத்த இடம் அணிகலனாகிறது.

எங்கள் குமரி மாவட்டத்துத் தோல்பாவை வேறு இனம். மராத்தி பேசும் மண்டிகர்களின் கலை அது. தஞ்சையில் மராத்தியர் ஆட்சியோடு தமிழகத்துக்கு வந்ததாகச் சொல்வார்கள். அவர்கள் ஆட்டுத் தோலை ஒளி ஊடுருவும் வரை சுரண்டி அப்பளம்போல் மெலிதாக்கி, சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சாயம் ஏற்றுவார்கள். திரையில் விழுவது வண்ண நிழல். ஒரே ஆள் உட்கார்ந்து அத்தனை பாத்திரத்துக்கும் குரல் கொடுப்பார். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்தால் கூட்டம் சிரித்து உருளும். சிறுவயதில் நான் பார்த்து வளர்ந்த நிழல் அதுதான். நிழலுக்கு நிறம் உண்டு என்றே நம்பியிருந்தேன். கூனத்தறையின் பாவையில் நிறம் இல்லை. கறுப்பும் ஒளியும் மட்டும். கையும் ஒன்றுதான் அசையும். இருப்பது, நிற்பது, நடப்பது, போரிடுவது என்று ஒரே பாத்திரத்துக்குப் பல பாவைகள் வைத்துக்கொள்கிறார்கள். 21 இரவுக் கூத்துக்கு 160 பாவைகள் வரை வேண்டியிருக்கும். மரம், பறவை, கடல் எல்லாம் அதில் சேர்த்தி.

"உங்களுக்குத் தமிழ் பேச வருமா?" என்று கேட்டேன்.

"பேச அத்ர வராது சேட்டா. பாட வரும். அர்த்தம் பறையவும் வரும்," என்றார்.

புட்டும் கடலையும் பப்படமும் கட்டன் சாயாவும் சாப்பிட்டுவிட்டு, அந்தி சாயும்போது கவளப்பாறைக்குப் புறப்பட்டேன்.

கவளப்பாறை

ஆரியங்காவு பகவதியின் கோயில் வெளியில், அவள் பார்க்கும் திசையில் கூத்துமாடம் நிற்கிறது. கோயிலையே பார்த்தபடி நீளமாக ஓடு வேய்ந்த கட்டடம். இவ்வகை மாடங்களின் முழு அளவு 42 அடி நீளம் என்பார்கள். முன்பக்கம் முழுக்கத் திரை. ஆயப்புடவை என்று பெயர். மேலே வெள்ளை, கீழே கறுப்பு. வெள்ளையில் நிழல் ஆடும். கறுப்பு பாதாளம் என்கிறார்கள், ஆட்டுவிப்பவர்களின் உடம்பை மறைப்பதும் அதுதான்.

பத்ரகாளியான இந்தப் பகவதிக்கு ஏன் கூத்து என்ற கதை அங்கே எல்லாருக்கும் தெரிந்ததே. தாரிகாசுரனோடு பத்ரகாளி போரிட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் ராமனும் ராவணனும் போரிட்டார்கள். அந்தப் போரைப் பார்க்க முடியாமல் போன வருத்தம் அவளுக்கு. அவளுக்காக ஆண்டுதோறும் அதை நடத்திக் காட்டும்படி சிவன் சொன்னாராம். ஆகவே இந்தக் கூத்துக்குப் பார்வையாளர் ஒருவர்தான். நாமெல்லாம் உடன் இருப்பவர்கள். ஏழு இரவு, பதினான்கு, இருபத்தொன்று, சில இடங்களில் இன்னும் கூடுதலாக, கோயிலின் வழக்கத்துக்கும் வசதிக்கும் தக்கபடி நடக்கும்.

ஒன்பது மணிக்கு மேல் கோயிலுக்குள்ளிருந்து விளக்கு வந்தது. சிவப்புப் பட்டு உடுத்த வெளிச்சப்பாடு என்னும் சாமியாடி அரிசி தூவி வாழ்த்த, அந்தச் சுடரைக் கூத்துமாடத்துக்கு எடுத்துப் போனார்கள். முகப்பில் தொங்கிய தூக்குவிளக்கு எரிந்தது. அதிலிருந்து திரைக்குப் பின்னால் ஒவ்வொன்றாக 21 விளக்குகள். வெள்ளைத் துணி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை மெல்ல மஞ்சளானது. ஒளிக்கு மூலம் அவள் கருவறை. அவளுடைய சுடரையே பின்னால் வைத்து, அவள் பார்க்காமல் போன போரை அவளுக்குக் காட்டுகிறார்கள்.

எழுபறையும் இலத்தாளமும் சங்கும் ஓய்ந்தபின் கணபதி வந்தார். பிறகு மாமி சொன்ன பட்டர் பாவைகள். குடுமியும் பூணூலுமாக வந்து கடவுளரைத் துதித்து ஆடி, கூத்துக்குச் செலவு செய்தவர்களை வாழ்த்திப் போனார்கள். நானும் சிறு காணிக்கை கொடுத்திருந்தேன். என் பெயரும் ஊரும் திரைக்குப் பின்னாலிருந்து பாட்டாக வந்தது. நாகர்கோவில் என்ற சொல்லை அந்த வெட்டவெளியில் பகவதிக்கு எடுத்துச் சொன்ன குரலை என்னால் மறக்க முடியாது.

அன்றைய இரவு கும்பகர்ணனுடையது. வீடணன் போர்க்களத்துக்கு வந்து அண்ணனை ராமன் பக்கம் அழைக்கும் இடம் வந்தது. கும்பகர்ணன் மறுக்கிறான். ராவணன் செய்தது தவறென்று அவனுக்குத் தெரியும், ராவணனிடமே சொல்லியும் இருக்கிறான். ஆனாலும் உண்ட சோற்றுக்கு உயிரைக் கொடுப்பதே முறை என்கிறான். கம்பன் எழுதியதில் மிக உயர்ந்த இடங்களில் ஒன்று அது. இரண்டு பாவைகளையும் முள்ளால் துணியில் குத்தி எதிரெதிரே நிறுத்திவிட்டார்கள். பாவைகள் அசையவில்லை. ஒரு புலவர் பாட்டைப் பாடிப் பொருள் சொன்னார். எதிரே இருந்தவர் தம்பியாகி மறுத்துக் கேட்டார். தமிழும் மலையாளமும் வடமொழியும் கலந்த பேச்சு நீண்டுகொண்டே போனது. நீதி என்ன, உறவு என்ன, நன்றி எதுவரை என்று அரைமணிக்கும் மேலாக வாதம். சுடர் காற்றில் ஆடும்போது மட்டும் அண்ணன் தம்பி இருவருடைய விளிம்பும் இலேசாக நடுங்கிற்று.

பாடல்கள் எனக்குப் பரிச்சயமானவை. வேறொரு நாவில், வேறொரு மெட்டில், சில சொற்கள் உருமாறி வந்தாலும் கம்பன் அடையாளம் தெரிந்தான். தமிழ்நாட்டில் கம்பனைக் கேட்க நமக்கு நாற்காலி வேண்டும், ஒலிபெருக்கி வேண்டும், மாலை மரியாதை வேண்டும். இங்கே தமிழ் பேசாத ஊரில் நாலு பேர் நடு இரவில் ஒரு தெய்வத்துக்காக அவனைப் பாடி விளக்குகிறார்கள், தலைமுறை தலைமுறையாக.

திரும்பிப் பார்த்தேன். மைதானத்தில் ஒரு முதியவர் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். தட்டுக்கடையில் கப்பலண்டி வறுக்கும் சத்தம். அதற்கு மேல் ஆளில்லை. இந்தக் கூத்தை ஆராய்ந்த ஸ்டுவர்ட் பிளாக்பர்ன், 1996-ல் வெளிவந்த தன் நூலில், எதிரே மனிதர் இல்லாமலேயே நடக்கும் கலை என்பதைத்தான் அழுத்திச் சொன்னார். புத்தகத்தில் படித்தபோது அது ஒரு செய்தி. அங்கே உட்கார்ந்திருந்தபோது வலித்தது.

திரைக்குப் பின்னால்

நள்ளிரவுக்குப் பின் உள்ளே வரச் சொன்னார்கள். அனல். நீண்ட மரச்சட்டத்தின்மேல் பாதித் தேங்காய்களில் எண்ணெய் ஊற்றித் திரியிட்ட 21 சுடர்கள் வரிசையாக எரிந்தன. அந்தச் சட்டத்துக்கு விளக்குமாடம் என்று பெயர். சுடருக்கும் துணிக்கும் இடையில் வெற்று மார்போடு புலவர்கள். நெய்போல மணத்த காய்ந்த தேங்காயெண்ணெயும் வியர்வையும் புகையும் கலந்த காற்று. ஒருவர் எண்ணெய் குறையும் விளக்குகளைப் பார்த்து ஊற்றிக்கொண்டே இருந்தார். இரவு முழுக்க அவருக்கு அதுதான் வேலை. ஒரு சுடர் தாழ்ந்தால் திரையில் அந்த இடத்து வானம் மங்கிவிடும்.

இந்த ஒளியின் கணக்கை அங்கேதான் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டேன். ஒற்றை விளக்கென்றால் பாவையைத் திரையிலிருந்து பின்னுக்கு இழுக்க இழுக்க நிழல் பெரிதாகும். இருபத்தொரு விளக்கு பரந்து எரியும்போது அப்படி நடக்காது. ஒவ்வொரு சுடரும் தனித்தனி நிழல் போட, உருவம் சிதறி மங்கும். துணியோடு அழுத்திப் பிடித்தால்தான் எல்லா நிழலும் ஒன்றாகக் கூடிக் கூர்மையாகும். அதனால்தான் முள் குத்தி நிறுத்துகிறார்கள். பாவை வந்து சேரும்போதும் விலகும்போதும் ஒருகணம் உருவம் கலைந்து கூடுகிறதே, அது இந்த அகலமான விளக்கு வரிசை செய்வது. ஒற்றை மின்விளக்கு அதைச் செய்யாது. போர் மூண்டதும் ஒருவர் தெள்ளிப்பொடியை அள்ளிச் சுடரில் வீசினார். குங்கிலியம் பற்றி எரிந்து திரை முழுதும் நெருப்பாகி அடங்கியது. வெளியே தூங்கிய முதியவர் எழுந்து உட்கார்ந்திருப்பார்.

உலகத்தின் பல மூலைகளில் பின்னிருந்து ஒளி கொடுத்துக் கதை சொல்லியிருக்கிறார்கள். ஜாவாவின் வயாங் கூத்திலும் ராமன் உண்டு, அங்கே திரையின் இரண்டு பக்கமும் மக்கள் அமர்வார்கள். சினிமா வந்தபின் ஒளி பார்வையாளரின் முதுகுப் பக்கம் போய்விட்டது. இப்போது கைபேசித் திரையில் மறுபடி பின்னாலிருந்தே வெளிச்சம் வருகிறது. ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்கிறோம். கூத்துமாடத்தின் ஒளி அப்படித் தனியாள் யாருக்கும் சொந்தமில்லை. ஊருக்குப் பொதுவான ஒருத்தியின் கண்ணுக்காக எரிகிறது.

விடியலுக்கு முன் கும்பகர்ணன் வீழ்ந்தான். பாவைகளை உறவு பார்த்து அடுக்கி வைத்தார்கள். காலையில் கஞ்சியும் முதிரைப் புழுக்கும் கிடைத்தன. மட்டரிசிக் கஞ்சியின் ருசி தூங்காத இரவுக்குப் பிறகுதான் முழுதாகத் தெரியும். புலவர்களில் மூத்தவர் குரல் கட்டியிருந்தது. இன்று இரவும் பாட வேண்டுமே என்றேன். "இது பகவதிக்குள்ள கடனாணு," என்று சொல்லிவிட்டுக் கஞ்சியைக் குடித்தார். அவருக்குப் பகலில் வேறு வேலை உண்டு. கோயில் தரும் தொகையில் குடும்பம் நடத்த முடியாது. பாட்டு முழுவதும் தெரிந்தவர்கள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

பாலப்புறம்

திரும்பும் வழியில் பாலப்புறத்துச் சினக்கத்தூர் கோயில். குதிரை உருவங்களுக்குப் பேர் போன பூரத் திருவிழா இந்த ஆண்டுக்கு முடிந்துவிட்டது. அங்கும் கூத்துமாடம் உண்டு. பகலில் வெறும் ஓட்டுக்கூரையாக நின்றது. உத்தரத்தில் பல தலைமுறைப் புகை ஏறியிருந்தது. பக்கத்துக் கடைக்காரரிடம் கூத்தைப் பற்றிக் கேட்டேன். சிறுவயதில் அம்மம்மையோடு பாய் எடுத்துக்கொண்டு வந்து படுத்துக் கேட்டதாகச் சொன்னார். இப்போது வருவதில்லை. பாட்டு புரியவில்லை என்றார்.

அவருக்குப் புரியாத அந்தப் பாட்டு நமக்குப் புரியும். தமிழறிந்த நாம்தான் அங்கே போவதில்லை. பத்மஸ்ரீ கொடுக்கப்பட்டது, நகரத்து விழா மேடைகளில் ஒரு மணி நேரக் கூத்து நடக்கிறது, இயந்திரக் கைகளால் பாவையை ஆட்டிப் பார்த்தார்கள். எல்லாம் நல்லதற்கே. ஆனால் அண்ணனும் தம்பியும் அரைமணி நேரம் வாதாடுவதை ஒரு மணி மேடை தாங்காது. அந்த வாதம் கூத்துமாடத்தில்தான் இருக்கிறது. அதைக் கேட்கத் தகுந்த காது கோவையிலும் நாகர்கோவிலிலும் மதுரையிலும் இருக்கிறது. கம்பன் கழகங்கள் ஆண்டுக்கொரு முறை தங்கள் உறுப்பினர்களை ஒரு வண்டியில் ஏற்றிக் கவளப்பாறைக்கு அனுப்பினால் போதும். தமிழ்ப் பல்கலைக்கழகங்கள் இந்தப் புலவர்கள் மனத்தில் இருக்கும் பாடங்களை முழுதாகப் பதிவு செய்தால் இன்னும் நல்லது.

கூத்துக் காலம் பெரும்பாலும் ஜனவரியில் தொடங்கி மே வரை. பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களின் பகவதி கோயில்களில் நடக்கிறது. நுழைவுச்சீட்டு கிடையாது, எல்லாரும் உட்காரலாம். யுத்த காண்டத்தை ஒருமுறை படித்துவிட்டு, ஒரு பாயும் எடுத்துக்கொண்டு போங்கள். பாதியில் எழுந்து வராமல் விடியும்வரை இருந்து கேளுங்கள்.